ஒரு வாய் நொய்க்கஞ்சி

மணலூர்பேட்டை
4.9.2023

எழிலுக்கு,

கவர் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் பிரித்திருந்தால், மீதியையும் படித்துவிடு. ஐந்து வருஷமாக என் நம்பரை நீ ப்ளாக் செய்து வைத்திருக்கிறாய். உன் அண்ணனிடம் சொல்லச் சொன்னேன். “அவகிட்ட நான் பேசிக்கிறேன்” என்று லாரியில் ஏறி உட்கார்ந்தவர் நாக்பூருக்கே போய்ச் சேர்ந்துவிட்டார். கேட்டால், நீ இருக்கிற மலை மேல் சிக்னல் கிடைக்கவில்லை என்கிறார். தபால்காரர் மலையேறாமலா இருப்பார் என்று நானே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உன் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. வெளிக்குப் போகும்போது ரத்தம் போயிருக்கிறது, அதுவும் பல மாசமாக. மூலம் என்று அவராகவே முடிவுகட்டித் துத்தி இலையை வதக்கித் தின்றுகொண்டிருந்தார். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், வேட்டியை அவரே துவைக்க ஆரம்பித்தார். உன் அப்பா துணி துவைத்து நீ என்றைக்காவது பார்த்திருக்கிறாயா?

கள்ளக்குறிச்சிக்கு இழுத்துக்கொண்டு போனேன். குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுத்து அனுப்பினார்கள். பெருங்குடலில் கட்டி. புற்றுநோய்தான். அத்தைக்கு, அதான் உன் அம்மாவுக்கு, வந்த அதே நோய். வேறெங்கும் பரவவில்லை, இப்போதே அறுத்து எடுத்தால் பிழைத்துக்கொள்வார் என்கிறார்கள். பாண்டியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

மாமா வரமாட்டேன் என்கிறார். “உங்க அத்தைய அறுத்து இன்னா ஆச்சு? கட்டியும் போச்சு, ஆளும் போச்சு. நான் முழுசாவே போறேன், வுடு” என்று சொல்லிவிட்டுக் கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போய்விடுகிறார். நான் சொல்லி எடுபடாது. எடுபடாமல் போனதற்குக் காரணம் உனக்குத் தெரியும்.

நீ சொன்னால் கேட்பார். என்னோடு நீ பேச வேண்டாம். நீ வருகிற அன்றைக்கு நான் மாட்டுக்கொட்டகையிலேயே இருந்துகொள்கிறேன்.

தேவிப்ரியா


வெள்ளிமலை
9.9.2023

திருமதி தேவிப்ரியா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. வீட்டுக்கு நான் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அங்கே பேசிக்கொள்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் விடுப்புக்குச் சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குத் துணையாக நான் இருப்பேன். அண்ணன் வந்தால் வரட்டும். நீங்கள் வரக்கூடாது. அவருக்கு என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது எல்லாம் என் பொறுப்பு. இதற்கு ஒப்புக்கொள்வீர்கள் என்று வைத்துத்தான் நான் அப்பாவிடம் பேசப் போகிறேன்.

ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

எழில்மதி


மணலூர்பேட்டை
15.9.2023

எழிலுக்கு,

திருமதி என்று போட்டிருந்தாய். கரண்ட் ஆபீசில்கூட எனக்கு இவ்வளவு மரியாதை கிடையாது.

மாமா ஒப்புக்கொண்டுவிட்டார். பஸ் ஸ்டாண்டிலிருந்து வந்ததும், “நாலு பேரு பாக்க அழுதுகினு நின்னா பொண்ணு. இன்னா பண்றது? சரின்னுட்டேன்” என்றார். ஆயிரம் இருந்தாலும் மகள் அழுகைக்கு இருக்கிற மதிப்பு வேறுதான்.

நான் வரவில்லை. சம்மதம். ஆனால் ஏன் என்று விளக்க வேண்டியதில்லை என்றாயே, அதற்கு மட்டும் சும்மா இருக்க முடியவில்லை. அத்தைக்கு ஆபரேஷன் ஆன இரண்டாம் நாள், காற்றுப் பிரிகிற வரைக்கும் வாயில் ஒன்றும் போடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். தெரியும். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, “தொண்ட காயுதுடி, ஒரு வாய் கஞ்சி குடுடி” என்று கெஞ்சினார். நாலு ஸ்பூன் நொய்க்கஞ்சி கொடுத்தேன். ஒளிக்கவில்லை, நர்ஸிடம் நானே போய்ச் சொன்னேன். அப்புறம் ஜுரம் வந்தது, வயிறு வீங்கியது, உள்ளே போட்ட தையல் விட்டுவிட்டது என்றார்கள். மறுபடியும் வயிற்றைத் திறந்தும் பிழைக்கவில்லை.

கருமாதி அன்றைக்கு, கடைசியாக ஆசைப்பட்டுக் கேட்டதாயிற்றே என்று படையலுக்கு அந்தக் கஞ்சியைச் சொம்பில் வைத்து எடுத்து வந்தேன். சொந்தபந்தம் மொத்தமும் உட்கார்ந்திருக்க, நீ அதைப் பிடுங்கி வாழைக்குழியில் ஊற்றினாய். “கொன்னதையே கொண்டாந்து படைக்கிறீங்களா அண்ணி?” என்று கேட்டாய். அன்றிலிருந்து இந்த வீட்டில் கஞ்சி காய்ச்சியது இல்லை. பிள்ளைக்கு ஜுரம் என்றாலும் ரொட்டிதான் வாங்குகிறேன்.

சரி, அது கிடக்கட்டும். உன் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லி வைக்கிறேன். வலி எவ்வளவு என்று டாக்டர் கேட்டால் ஒன்றுமில்லை என்பார். நம்பாதே. வலி ஜாஸ்தியானால் காதை இழுத்துக்கொண்டே இருப்பார், அதைப் பார். ஃபேன் காற்று முகத்தில் நேராகப் பட்டால் தூங்கமாட்டார். இருமல் வந்தால் வயிற்றில் ஒரு தலையணையை அணைத்துக்கொள்ளச் சொல். அத்தைக்கு நான் அப்படித்தான் செய்தேன்.

தேவிப்ரியா


பாண்டிச்சேரி
12.10.2023

அண்ணிக்கு,

நேற்று ஆபரேஷன் முடிந்தது. அண்ணன் போனில் சொல்லியிருப்பார். அவர் சொல்லும் அழகு தெரிந்ததுதானே, “முடிஞ்சுது, நல்லாருக்காரு” என்று வைத்திருப்பார். நடந்ததை நான் எழுதுகிறேன்.

டாக்டர் பெயர் கண்ணகி. நம் வயதுதான் இருக்கும். முதல் நாள் எங்களை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். அம்மாவுக்குச் செய்த மாதிரியேதான்: கட்டி இருக்கிற துண்டை எடுத்துவிட்டு, குடலின் இரண்டு முனைகளையும் சேர்த்து வைப்பது. இந்தச் சேர்ப்பு ஒட்டிக்கொள்ள வேண்டுமானால் இரண்டு முனைக்கும் ரத்தம் நன்றாக வர வேண்டும். வருகிறதா இல்லையா என்று இதுநாள் வரை கண்ணால் நிறம் பார்த்தும், வெட்டின ஓரத்தில் ரத்தம் கசிகிறதா என்று பார்த்தும்தான் முடிவு செய்வார்களாம். இப்போது சேர்ப்பதற்கு முன்னால் ரத்தக்குழாயில் ஒரு பச்சை மருந்தை ஏற்றுகிறார்கள். அது ரத்தத்தோடு ஓடிக் குடலுக்கு வருகிறது. அதற்கென்று இருக்கிற கேமராவில் பார்த்தால் ரத்தம் வந்த இடம் பச்சையாக ஒளிர்கிறது, வராத இடம் இருட்டாகவே இருக்கிறது.

அப்பா உடனே, “கடமடைக்குத் தண்ணி வந்துச்சான்னு பாத்துட்டு அப்பறமா நடறா மாரி” என்றார். டாக்டர் சிரித்துவிட்டார். அதற்கப்புறம்தான் அப்பா கையெழுத்துப் போட்டார்.

நேற்று அந்த மருந்தை ஏற்றிப் பார்த்தபோது, டாக்டர் சேர்க்கலாம் என்று குறித்து வைத்திருந்த இடம் இருட்டாக இருந்திருக்கிறது. வெறுங்கண்ணுக்கு நல்ல குடலாகத்தான் தெரிந்ததாம். நாலு விரற்கடை மேலே தள்ளி, பச்சை எட்டிய இடத்தில் வெட்டிச் சேர்த்திருக்கிறார்கள். அப்படியென்றால் இனிப் பயமில்லையா என்று கேட்டேன். “பயம் குறையும்மா. இல்லாமயே போயிடும்னு நான் சொல்ல மாட்டேன். ஒரு வாரம் பார்ப்போம்” என்றார்.

காதை இழுத்தார். பார்த்தேன், நர்ஸிடம் சொன்னேன், ஊசி போட்டார்கள். தலையணையும் வைத்தேன்.

ஒரு விஷயம். இன்று காலையிலேயே அவருக்குக் கஞ்சி கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். மறுநாளே! நான் கொடுக்கவில்லை. கிண்ணத்தில் வந்ததை வாஷ்பேசினில் ஊற்றிவிட்டுக் குடித்தார் என்று சொல்லிவிட்டேன். இங்கே எத்தனை பெரிய படிப்புப் படித்தவர்கள் இருந்தாலும் சரி, அந்த விஷயத்தில் நான் யாரையும் நம்பத் தயாராக இல்லை. இதை உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

எழில்மதி


மணலூர்பேட்டை
14.10.2023

எழில்,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன். உன் அண்ணனுக்குப் போன் செய்தால், “டாக்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா?” என்று கத்திவிட்டு வைத்துவிட்டார்.

கொடுக்காதே. அவர்கள் ஆயிரம் சொல்லட்டும், கொடுக்காதே. நீ செய்ததுதான் சரி.

மாமா கேட்பார். முதலில் அதட்டிக் கேட்பார், அப்புறம் கெஞ்சுவார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்காதே. நான் பார்த்தேன், அதனால்தான் கொடுத்தேன். பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டைத் துடைத்துவிடு, போதும். உன்னைத் திட்டினாலும் திட்டட்டும். திட்டுவதற்கு ஆள் இருக்கிறாரே, அதுவே பெரிசு.

எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. உன்னைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு வீட்டில் ஒரு தடவை நடந்தது போதும்.

தேவிப்ரியா


பாண்டிச்சேரி
17.10.2023

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. அதற்கு முன்பே அப்பா கஞ்சி குடித்துவிட்டார். பதறாதீர்கள். ஜுரம் இல்லை, வயிறு மெத்தென்று இருக்கிறது, காற்றும் பிரிந்துவிட்டது. நேற்றிலிருந்து குழைந்த சாதம்கூடச் சாப்பிடுகிறார். முதலில் இதைப் படித்து மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

இரண்டு நாள் கஞ்சியை வாஷ்பேசினுக்குத்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலை ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், “எவ்வளவு குடிச்சீங்க ஐயா?” என்று கேட்டார். அப்பா என்னைக் கையால் காட்டி, “ஒரு சொட்டு குடுக்கலம்மா இந்தப் பொண்ணு. பசி உசுரு போவுது. எனக்கு வர்ற கஞ்சிய அந்தத் தொட்டிதான் குடிச்சுகினு இருக்குது” என்று போட்டுக் கொடுத்துவிட்டார். வார்டே சிரித்தது. டாக்டர் சிரிக்கவில்லை. என்னை வெளியே கூப்பிட்டு, “டீச்சர்தானே நீங்க? யாரு உங்களுக்கு இப்படிச் சொன்னது?” என்று கேட்டார்.

சொல்லிவிட்டேன். அம்மாவின் ஆபரேஷன், இரண்டாம் நாள், நீங்கள் கொடுத்த நாலு ஸ்பூன், தையல் விட்டது, எல்லாம். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் என்னைத் தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், அப்பாவின் ஆபரேஷனில் எடுத்த வீடியோவைக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார்.

முதலில் சாதாரண வெளிச்சத்தில் காட்டினார். குடல் முழுக்க ஒரே நிறம், இளஞ்சிவப்பு. எங்கேயும் வித்தியாசம் தெரியவில்லை. “இதுல எந்த இடம் நல்லா இருக்குன்னு சொல்லுங்க” என்றார். எல்லாமே என்றேன். “எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு அடுத்ததைப் போட்டார். கறுப்பாக இருந்த திரையில் ஒரு பக்கத்திலிருந்து பச்சை மெதுவாக ஏறி வந்தது. வந்துகொண்டே இருந்து ஓரிடத்தில் நின்றுவிட்டது. அதற்கு மேல் வரவில்லை. டாக்டர் அந்த இருட்டில் விரலை வைத்து, “இந்த லைட் இல்லன்னா நான் இங்கதான் சேர்த்திருப்பேன்” என்றார்.

அப்புறம் சொன்னார். அப்படிச் சேர்த்தால் சிலருக்கு எப்படியோ ஒட்டிக்கொள்ளும். சிலருக்கு நாலைந்து நாளில் விட்டுப்போகும். அவர்கள் கஞ்சி குடித்திருந்தாலும் விட்டுப்போகும், குடிக்காமல் பட்டினி கிடந்தாலும் விட்டுப்போகும். முன்பெல்லாம் பட்டினி போடுவதுதான் பாதுகாப்பு என்று எல்லா டாக்டர்களும் நம்பினார்கள், அவரும் நோயாளிகளை அப்படிப் போட்டிருக்கிறார். இப்போது பெரும்பாலானவர்களுக்கு மறுநாளே கொடுக்கிறார்கள், அதனால் விட்டுப்போவது ஜாஸ்தி ஆகவில்லை.

“அப்போ எங்க அம்மாவுக்கு?” என்று கேட்டேன். “நான் அங்க இல்ல. அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு என்னால சொல்ல முடியாது. அவங்களுக்குச் செஞ்ச டாக்டரும் கண்ணால பார்த்து நல்லா இருக்குன்னுதான் சேர்த்திருப்பாரு, அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா நாலு ஸ்பூன் கஞ்சி ஒரு தையலைப் பிரிச்சிருக்கும்னு நான் நம்பல” என்றார்.

வார்டுக்குத் திரும்பி வந்து கஞ்சியை வாங்கினேன். ஸ்பூனால் கிளறிக்கொண்டே இருந்தேன். அப்பாதான், “குடு, நான் இன்னா செத்தா போயிடுவேன்?” என்றார். முதல் வாய் உள்ளே போகிறபோது, அன்றைக்கு அம்மா குடிக்கிறபோது உங்கள் மனசு எப்படிக் குளிர்ந்திருக்கும் என்று தெரிந்துகொண்டேன்.

அதற்கப்புறம் உங்கள் கடிதம் வந்தது. “கொடுக்காதே” என்று எழுதியிருந்தீர்கள். என்னைத் திட்டி எழுதியிருந்தால் தாங்கியிருப்பேன். நீங்களும் அதை நம்பியிருக்கிறீர்கள் அண்ணி. ஐந்து வருஷம், ஒவ்வொரு நாளும், உங்கள் கையால்தான் அம்மா போனார் என்று நம்பிக்கொண்டே நம் வீட்டுக்குச் சமைத்துப் போட்டிருக்கிறீர்கள். நம்பவைத்தது நான். அம்மா போனதற்கு யாரையாவது திட்டியே ஆக வேண்டும் போலிருந்தது. கைக்கு எட்டுகிற தூரத்தில் நீங்கள் இருந்தீர்கள்.

நீங்கள் அம்மாவைக் கொல்லவில்லை. கடைசியாக அவர் கேட்டதைக் கொடுத்தவர் நீங்கள் ஒருவர்தான்.

நாளை மறுநாள் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அண்ணன் காரில் அழைத்து வருவார். நான் இங்கிருந்து நேராக மலைக்குப் போகிறேன். உங்கள் முகத்தில் விழிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எழில்


மணலூர்பேட்டை
8.11.2023

எழில்,

பதில் போடத் தாமதமானது வேலையால் இல்லை. எழுத உட்கார்ந்தால் கெட்ட வார்த்தையாக வந்தது.

உன் கடிதத்தைப் படித்ததும் சந்தோஷப்பட்டிருப்பேன் என்று நினைத்திருப்பாய். இல்லை. அடக்க முடியாத கோபம்தான் வந்தது. வீட்டில் இருந்த நொய்யரிசியை எல்லாம் ஐந்து வருஷமாகக் கோழிக்குத்தானே போட்டுக்கொண்டிருந்தேன்? கருமாதியில் நீ சொன்னதைக் கேட்டதிலிருந்து சின்னப்பொண்ணு அத்தை கல்யாண வீட்டில்கூட என் கையால் காபி வாங்கமாட்டார், அடுத்தவர் கொண்டுவரட்டும் என்று காத்திருப்பார். உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்று வாசிக்கட்டுமா? ஊரைக் கூட்டிவைத்துச் சொன்னாய். இப்போது அதைத் தபாலில் திருப்பி வாங்கிக்கொள்கிறாய்.

இதைச் சொல்லாமல் என்னால் மேலே எழுத முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

இனி மாமா. நன்றாக இருக்கிறார். வெட்டி எடுத்ததைச் சோதித்ததில் சுற்றியிருந்த நெறிக்கட்டிகளில் நோய் பரவவில்லையாம், மருந்து ஏற்ற வேண்டியதில்லை, மூன்று மாசம் கழித்து வந்து காட்டினால் போதும் என்கிறார்கள். வந்த அன்றைக்கு, “கஞ்சி வெய்யி” என்றார். நான் கேட்காத மாதிரி ரசம் சாதத்தைப் பிசைந்தேன். “காது கேக்குதா இல்லியா? உன் கையால கஞ்சி வெய்யின்னேன்” என்றார். அடுப்பில் நொய் கொதிக்கிறவரை பார்த்துக்கொண்டே நின்றேன். ஊற்றிக் கொடுத்தேன். ஒரு முழுச் சொம்பும் குடித்துவிட்டு, “உப்பு கம்மி” என்றார். உன் அப்பா வாயில் இதற்கு மேல் எதுவும் வராது. ஆனால் என் தலையில் கை வைத்தார். நான் கொட்டகைக்குப் போய் மாட்டைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

இன்னொன்று. அப்பா அம்மா இரண்டு பேருக்குமே வந்ததால் பிள்ளைகள் இரண்டு பேரும் குழாய் விட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். உன் அண்ணன் லாரியைச் சாக்கு சொல்கிறார். நீ மலையைச் சாக்கு சொல்லாதே.

தேவிப்ரியா


வெள்ளிமலை
16.11.2023

அண்ணி,

நீங்கள் கேட்டது நியாயம். ஊரைக் கூட்டிச் சொன்னதை ஊரைக் கூட்டித்தான் எடுக்க வேண்டும்.

கார்த்திகையில் அம்மாவுக்குத் திதி வருகிறது. சின்னப்பொண்ணு அத்தை உட்பட எல்லாரும் வருவார்கள். நானும் வருகிறேன். எல்லார் முன்னாலும் சொல்கிறேன். பாறை மேல் ஏறிச் சிக்னல் பிடித்துக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் எனக்கும் நாள் வாங்கிவிட்டேன், அண்ணனுக்கும் சேர்த்து.

கேட்க வாய் வரவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். படையலுக்கு நொய்க்கஞ்சி வைப்பீர்களா?

எழில்


மணலூர்பேட்டை
21.11.2023

எழில்,

வைக்கிறேன். அன்றைக்குக் கவிழ்த்த பித்தளைச் சொம்பு அதே அழுக்கோடு பரணில் கிடக்கிறது. முதல் நாளே வந்து அதைப் புளி போட்டு நீதான் தேய்க்க வேண்டும்.

எல்லார் முன்னாலும் சொல்கிறேன் என்றாயே, அது வேண்டாம். நீ பேச ஆரம்பித்தால் அழுவாய். நீ அழுதால் சொந்தக்காரர்கள் உன்னைத் தேற்ற வந்துவிடுவார்கள், நான் மறுபடியும் ஓரத்தில் நிற்க வேண்டியதுதான். அதனால் நான் சொல்கிறபடி செய். கஞ்சி நான் காய்ச்சுகிறேன். எல்லாரும் வந்து உட்கார்ந்த பிறகு, சொம்பை நீ உன் கையால் எடுத்துவந்து உன் அம்மாவின் இலையில் ஊற்று. படைத்து முடிந்ததும் மிச்சத்தை நான் என் கையால் உனக்குக் கொடுப்பேன். சின்னப்பொண்ணு அத்தைக்கு நேராக உட்கார்ந்து, ஒரு சொட்டு விடாமல் குடி.

என் நம்பரைத் திறந்துவிடு. எந்த பஸ்ஸில் வருகிறாய் என்று போன் செய்து சொல். உன் அண்ணனை நம்பினால் நாக்பூரில்தான் போய் இறங்குவாய்.

உன் அண்ணி